மதுரை டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஒரு பிரிட்ஜ் ஸ்பேர்ஸ் கடை

முதல் தடவை போனபோது அந்தக் கடைக்காரர் எனக்கு எதையும் விற்கவில்லை. "வீட்டுக்குப் போய் பிளக்கைப் பிடுங்கிட்டு, ரெண்டு கதவையும் திறந்து போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கம்மா. அப்புறமா வாங்க, பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையில் பணத்தோடு, இன்றைக்கு வாங்கியே தீருவது என்று போயிருந்தேன். அவர் எதை எடுத்துக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நான் வில்லாபுரத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் பிழைப்பே அந்தப் பிரிட்ஜில்தான் இருக்கிறது. 2013-ல் வாங்கியது, 260 லிட்டர், இரண்டு கதவு, மேலே ஃப்ரீஸர். ஐஸ் தானாகவே உருகிக்கொள்ளும் வகை. மாவுத் தூக்குகள் கீழே இரண்டு தட்டுகளில். கதவுப் பக்கம் அத்தையின் இன்சுலின். அது 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் சொல்லிச் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

போன சித்திரைத் திருவிழா வாரத்தில் பிரச்சினை ஆரம்பித்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் எல்லார் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருப்பார்கள், மாவு இரட்டிப்பாகப் போகும். ஒருநாள் விடியற்காலை அத்தைதான், "ஏத்தா, அடுப்படியில புளிச்ச வாசம் வருதே" என்றார்கள். திறந்து பார்த்தால் இரவு வைத்த மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, தட்டில் வழிந்து, காய்கறி டிரே வரைக்கும் இறங்கியிருந்தது. மேலே ஃப்ரீஸரில் ஐஸ் கட்டி கல் மாதிரி நிற்கிறது. கீழே கை வைத்தால் சில்லென்றே இல்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு டெம்பரேச்சர் திருகையும் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன். அது இன்னும் மோசமாக்கும் என்பது அப்போது தெரியாது. அடுத்து கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். வந்த பையன் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தான், கீழே கை நீட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். ஃப்ரீஸருக்குள் இருக்கும் பின்தகட்டைக் கழற்றவே இல்லை. "கேஸ் போயிடுச்சுக்கா, கம்ப்ரஸரும் வீக். 7,500 ஆகும். பன்னிரண்டு வருஷ மாடல், பார்ட்ஸ் வர்றதே கஷ்டம். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு போட்டுருங்க" என்றான். பார்த்துவிட்டுப் போனதற்கு மட்டும் 450 ரூபாய்.

தினமும் மாவு வாங்குகிற ஆட்டோக்கார அண்ணன் ஒருவர்தான் இந்தக் கடையைச் சொன்னார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுக்குள் நடந்தால், எலக்ட்ரிக்கல் கடைகளைத் தாண்டி ஒரு சந்து. பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பிரிட்ஜ் ஸ்பேர்ஸ் கடை என்று கேட்டதும் டீக்கடைக்காரரே கை காட்டினார். எட்டடி அகலம் இருந்தால் பெரிது. சைக்கிள் கடையில் டியூப் தொங்குவதுபோல மேலே கதவு ரப்பர்கள் வளையம் வளையமாகத் தொங்குகின்றன. சுவர் முழுக்கப் பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரில் எழுத்து: டைமர், ரிலே, பைமெட்டல், ஃபேன் மோட்டார், டோர் ஸ்விட்ச். மூலையில் ஒரு சின்ன ஃப்ரீஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐஸ்கிரீம் விற்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது எதற்கு என்று பின்னால்தான் தெரிந்தது.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். போனதும் நான் கேட்டது, "அண்ணே, கம்ப்ரஸர் என்ன விலை?"

"விலை கெடக்கட்டும். மேல ஐஸ் கட்டுதா?"

"கட்டுது."

"ஐஸ்கிரீம் வச்சா இறுகி நிக்குதா, குழையுதா?"

"இறுகித்தாண்ணே நிக்குது. கீழதான் மாவு பொங்கிருது."

"அப்ப கேஸ் எங்கம்மா போச்சு?"

கடையில் நாலு மெக்கானிக்குகள் சாமானுக்குக் காத்திருந்தார்கள். அவர்களை நிறுத்திவிட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இந்த வகைப் பிரிட்ஜில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான். ஃப்ரீஸரின் பின்தகட்டுக்குப் பின்னால் ஒரு கூலிங் காயில், அதற்கு மேலே ஒரு ஃபேன். கீழ்ப்பகுதிக்கென்று தனிக் காயில் கிடையாது. ஃபேன் ஊதுகிற குளிர்காற்றில் ஒரு பங்கு, பின்பக்க வழியாகக் கீழே இறங்கி வருகிறது, அவ்வளவுதான். கேஸ் போயிருந்தால் ஃப்ரீஸரும் சேர்ந்து படுத்திருக்கும். ஃப்ரீஸர் நன்றாக இருந்து கீழே மட்டும் சூடு என்றால், நடுவில் காற்று வருகிற வழி அடைத்திருக்கிறது. முக்கால்வாசி நேரம் அடைப்பது ஐஸ்தான்.

அதனால்தான் ஒரு நாள் முழுக்க அணைத்துப் போடச் சொன்னார். உள்ளே கட்டிய ஐஸ் முழுக்க உருகட்டும். மறுபடி போட்டால் கீழே நன்றாகக் குளிர்ந்துவிடும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. எத்தனையாவது நாள் மறுபடி சூடாகிறது என்று குறித்துவைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தால், ஐஸை உருக்குகிற சாமான் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. திரும்பவே வராவிட்டால், யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை. இதற்காக அவர் ஒரு பைசா வாங்கவில்லை. பிரிட்ஜ் உள்சுவரில் காய்கறி டிரே பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார். மாடல் எண், எந்த கேஸ், எத்தனை கிராம், எல்லாம் அதில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாகத் தினம் அதைத் துடைத்திருக்கிறேன், படித்ததில்லை.

இன்சுலினையும் மாவையும் எதிர்வீட்டு அக்கா பிரிட்ஜில் வைத்துவிட்டு அணைத்தேன். அடியில் துணி போட்டுப் பிழிந்து பிழிந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்தேன். மறுநாள் போட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்தது. ஆறாவது நாள் சாயங்காலம் மாவு மறுபடி எழும்ப ஆரம்பித்தது. மாவுக்காரிக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். நாலு மணி நேரத்தில் மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே உள்ளே எத்தனை சூடு என்று தெரிந்துவிடும்.

போன் போட்டேன். கடைக்குச் சாமான் வாங்க வருகிற தம்பி ஒருவரை அனுப்பிவைத்தார். அந்தத் தம்பி ஃப்ரீஸரில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கீழே பல்பு இருக்கும் பெட்டியைக் கழற்றி, அதற்குள் இருந்த டைமரின் வெள்ளைத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், கம்ப்ரஸர் நின்றது. "இப்ப ஹீட்டர் ஓடணும்கா" என்றார். பத்து நிமிஷம் காத்திருந்தோம். உருகுகிற சத்தமும் இல்லை, சொட்டும் இல்லை.

பிளக்கை எடுத்துவிட்டுப் பின்தகட்டை அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். அதன் முதுகிலேயே ஒரு விரற்கடை கனத்துக்குப் பனி ஒட்டிக்கொண்டு வந்தது. காயில் இருக்க வேண்டிய இடத்தில் காயிலே தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சீராக, அரிசி மாவைத் தண்ணீர் தெளித்து அழுத்தி வைத்ததுபோல வெள்ளை. அந்தச் சீரைத்தான் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி இருக்கும், மிச்சம் வெறும் குழாயாகத் தெரியும். முழுக்கப் போர்த்தியிருந்தால் கேஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், உருக்குவதுதான் நடக்கவில்லை. 7,500 ரூபாய் கேட்ட பையன் இந்தத் தகட்டை மட்டும் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன், ஐஸைத் தட்டிவிடலாம் என்று. தம்பி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அந்தக் குழாய் மெல்லியது, ஒரு குத்து விழுந்தால் போதும், அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும். என் பிரிட்ஜில் இருப்பது ஆர்600ஏ என்கிற கேஸ், தீப்பிடிக்கிற வகை. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து வைத்தே உருக்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் அதுதான் முறை.

பனி விலகியதும் மேல் குழாயில் கவ்விக்கொண்டு ஒரு சின்ன வட்டச் சாமான் தெரிந்தது, ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு வயர். அதுதான் பைமெட்டல். அதன் முகம் தட்டையாக இருக்க வேண்டுமாம். என்னுடையது நடுவில் உப்பி, பொரித்த அப்பளத்தின் கொப்புளம் மாதிரி இருந்தது. உள்ளே ஈரம் புகுந்து உறைந்து உறைந்து அப்படி ஆகும் என்றார். ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தார், 340 ஓம் காட்டியது. 150 வாட் ஹீட்டருக்கு 350 ஓம் பக்கம் வந்தால் நல்லது. ஃபியூஸும் உயிரோடு இருந்தது. வயரை நறுக்கிப் பைமெட்டலை எடுத்து என் கையில் கொடுத்து, "அண்ணாச்சிகிட்ட காட்டி இதே டெம்பரேச்சர் போட்டதா வாங்கிட்டு வாங்கக்கா" என்றார்.

மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீஸர் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய பைமெட்டலையும் புதிதாக எடுத்த ஒன்றையும் சேர்த்து அதற்குள் போட்டு மூடினார் கடைக்காரர். "அரை மணி நேரம் உட்காருங்கம்மா." டீ வாங்கிக் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் முழுச் சங்கிலியையும் சொன்னார். டைமர் என்பது ஒரு கடிகாரம். கம்ப்ரஸர் எட்டு, பத்து மணி நேரம் ஓடியதும் அதை நிறுத்தி, ஹீட்டருக்குக் கரண்ட் விடும், இருபது முப்பது நிமிஷம். பைமெட்டல் குளிரில் ஒட்டி அந்தக் கரண்ட்டைப் போக விடும், ஐஸ் உருகிச் சூடு ஏறினதும் பிரிந்துகொள்ளும். பைமெட்டல் ஒட்டியபடியே நின்று சூடு மிதமிஞ்சினால், 70 டிகிரி சொச்சத்தில் ஃபியூஸ் அறுந்து பிரிட்ஜைக் காப்பாற்றும். நாலில் எது போனாலும் வெளியே பெரும்பாலும் தெரிவது ஒன்றுதான்: மேலே ஐஸ், கீழே சூடு. அதனால்தான் எது என்று பார்க்காமல் விற்பதில்லை என்றார். கரண்ட் சாமான் ஒருமுறை மாட்டிவிட்டால் திருப்பி எடுப்பதில்லை, எனவே விற்குமுன் பார்த்துவிடுவது தன் கடமை என்பதுபோலப் பேசினார்.

அரை மணி கழித்து இரண்டையும் எடுத்து மீட்டரில் வைத்தார். புதியது பீப் என்று கத்தியது. பழையது ஊமை. என் காதாலேயே கேட்டேன். புதியது, ஃபியூஸோடு சேர்த்து, 180 ரூபாய். ஃபியூஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்றதற்கு, "பன்னிரண்டு வருஷம் ஓடினது, தகட்டை இன்னொரு தடவை கழற்ற வேண்டாம்" என்றார். கூடவே ரெண்டு துண்டு ஸ்லீவ் கொடுத்தார், சூடு காட்டினால் வயரோடு சுருங்கி ஒட்டிக்கொள்வது. அந்த இடத்தில் தண்ணீர் சொட்டும், சாதாரண டேப் நிற்காது. தம்பிக்கு 400. ஆக மொத்தம் 580 ரூபாயில் வேலை முடிந்தது. ஏழு மாசம் ஆகிறது, கீழே 5 டிகிரியில் நிற்கிறது.

பார்ட்ஸ் வராது என்று சொன்னார்களே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை வீட்டில் பழைய பிரிட்ஜ் வைத்திருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பைமெட்டல், ஃபியூஸ், டைமர், கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணுகிற ரிலே, அது மிஞ்சிச் சூடானால் நிறுத்துகிற ஓவர்லோட், இவை பெரும்பாலும் ஒரு கம்பெனிக்கென்று தனியாகச் செய்யப்படுவதில்லை. டெம்பரேச்சர், வாட், வயர் மாட்டுகிற பின்களின் வரிசை, ரிலேக்கும் ஓவர்லோடுக்கும் கம்ப்ரஸர் அளவு, இவை பொருந்தினால் போதும், வேறு கம்பெனிப் பிரிட்ஜிலும் ஓடும். டைமரில் மட்டும் கவனம் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நாலு பின்னின் வரிசை மாறியிருக்கும், அதனால் பழையதைக் கையில் கொண்டுவராமல் டைமர் தரமாட்டார். கம்பெனிக்கென்றே தனியாக இருப்பது கதவு ரப்பர், டிரே, கைப்பிடி, கண்ணாடித் தட்டு, அப்புறம் புது மாடல்களின் எலக்ட்ரானிக் போர்டு. புதிய இன்வெர்ட்டர் பிரிட்ஜ்களில் டைமரே கிடையாது, சென்ஸரும் போர்டும்தான். அதற்கு என்னிடம் வராதீர்கள், கம்பெனிக்கே போங்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறார்.

திருகு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மாடலில் ஃப்ரீஸருக்குள் இருக்கும் திருகு குளிரைக் கூட்டுவதில்லை, காற்றைப் பங்கு போடுகிறது. அதைக் கடைசிக்குத் திருப்பினால் மேலே அதிகம், கீழே குறைவு. நான் பதற்றத்தில் செய்தது கீழ்ப்பகுதிக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் நிறுத்தியிருக்கிறது. பெரிய தூக்குகளைப் பின்சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றுத் துளையையும் மறைத்திருந்தேன். இப்போது நாலு விரல் இடம் விட்டு வைக்கிறேன். இன்சுலினுக்காக ஒரு சின்னத் தெர்மாமீட்டரும் கொடுத்தார். அதைத் தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்த உடனே பார்க்க வேண்டும். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறக்கத் திறக்க எண் மாறிக்கொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கீழ்க்கதவின் ரப்பர் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் அந்த மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முன்பே ஆன்லைனில் மாடல் எண் போட்டு 890 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, அரை அங்குலம் குட்டையாக வந்து, திருப்பி அனுப்புகிற நாளும் தாண்டிப்போயிருந்தது. இவரிடம் கேட்டபோது, வெளியே தெரிகிற ரப்பரை அளக்கக் கூடாது, ரப்பர் உட்காருகிற பள்ளத்துக்குப் பள்ளம் அளக்க வேண்டும், பழையதில் ஒரு அங்குலம் வெட்டிக் கொண்டுவந்தால் அச்சும் தெரியும் என்றார். செய்தேன். ரெண்டு நாளில் வரும் என்றார். வரவில்லை. மூன்று தடவை போன் போட்டு, ஆறாவது நாள்தான் வந்தது. அதற்குள் கதவில் துணி நாடா கட்டி வைத்திருந்தேன். தாமதம் ஆகும் என்றால் அவராக ஒரு போன் செய்திருக்கலாம், தினம் மாவு விற்கிறவளுக்கு நாலு நாள் சின்ன விஷயம் இல்லை. ரப்பர் 750 ரூபாய். வந்தது மட்டும் மிகச் சரியாக வந்தது. மடித்துக் கட்டி வந்ததால் சுருக்கம் இருந்தது. அவர் சொன்னபடி மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டேன், நேராகிவிட்டது. பிரிட்ஜின் முன்கால் இரண்டையும் அரைச் சுற்று உயர்த்தச் சொன்னார். அப்புறம் கதவு தானாகவே போய்ச் சாத்திக்கொள்கிறது.

பில் கேட்டால்தான் தருகிறார், கேட்டு வாங்குங்கள். கூட்டமான நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மெக்கானிக்குகள் வருகிற நேரம். அப்போது நம்மோடு பேச அவருக்கு முடியாது. மூன்று மணிக்கு மேல் போனால் நிதானமாகக் கேட்பார். வண்டி நிறுத்த இடம் கிடையாது, ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

கேஸ் நிரப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வருஷம் எதிர்வீட்டு அக்கா பிரிட்ஜில் உண்மையாகவே கேஸ் போயிருந்தது, ஃப்ரீஸரே உறையவில்லை. கடைக்காரரிடம் கேட்டோம். ஆர்600ஏ என்றால் தராசு கொண்டுவருகிற ஆளைத்தான் விட வேண்டும் என்றார். ஸ்டிக்கரில் ஐம்பது சொச்சம் கிராம் என்று இருந்தால் அவ்வளவையே எடை போட்டு ஏற்ற வேண்டும், கையால் தொட்டுப் பார்த்து ஏற்றுவது ஆகாது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் மறுபடி போய்விடும். அவர் சொன்ன ஆள் தராசோடு வந்தார். அதற்கும் கடைக்காரர் ஒன்றும் வாங்கவில்லை.

போகிறவர்கள் மூன்று விஷயம் கையோடு கொண்டுபோங்கள்: உள் ஸ்டிக்கரின் போட்டோ, கழற்றிய பழைய சாமான், என்றைக்கு என்ன ஆனது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. என் சீட்டை அவர் இரண்டு முறை படித்தார். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.